பரண் மேலிருந்து சிரித்தவர்

ஓரின் ஹாஸ்கெல் சிரித்தால் படப்பிடிப்பு நின்றுவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நின்றிருக்கிறது, ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. முதலில் தண்ணீர் வற்றிய கைப்பம்பை அடிப்பதுபோல் தொண்டைக்குள் ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு. பிறகு சத்தமே இருக்காது. அப்பாடா, அடங்கிவிட்டார் என்று பக்கத்தில் நிற்பவர் மூச்சு விடுகிற நேரம் பார்த்து உச்சஸ்தாயியில் ஒரு கூவல் கிளம்பும் பாருங்கள், ஆறாவது ஃப்ளோர் என்கிற படப்பிடிப்புக் கூடத்தில் கிளம்பினால் ஒன்பதாவது ஃப்ளோரில் கௌபாய் படத்துக் குதிரைகள் மிரளும். ஸ்டுடியோவில் அவருக்கு 'சைரன்' என்றுதான் பெயர். ஓரின் என்று கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்த ஒரு கறாரான மனிதருக்குப் பிறந்தவர். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் அடக்கத்தின்போது கொம்பு ஊதியவரின் பொய்ப்பல் கழன்று கொம்புக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டது. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றது. ஓரினால் மட்டும் முடியவில்லை. அப்பா கல்லறையிலிருந்து வீடு வரைக்கும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் அந்த ஊரில் கல்யாணத்துக்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் காலத்தில் கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறிய வாலிபர்கள் எல்லாம் நடிகராகும் ஆசையில் ஏறினார்கள். ஓரின் ஊரில் தலைகாட்ட முடியாமல் ஏறினார்.

ஹாலிவுட் படங்கள் எடுக்கிற கல்வர் சிட்டியில், எங்கள் பெரிய ஸ்டுடியோவில் லைட்மேன் வேலை கிடைத்தது. ஃப்ளோரின் கூரைக்கு அடியில் நாலு பக்கமும் பலகைப் பரண் தொங்கும். அதன் மேல் வரிசையாக ஆர்க் விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். உள்ளே கரிக்குச்சி எரிந்து தேயத் தேயத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் ஆடக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, இவ்வளவுதான் வேலை. கீழே கதாநாயகி சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கினாலும் மேலே உடம்பு வெந்துபோகும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை. ஓரின் நல்ல வேலைக்காரர் என்பதில் மேஸ்திரி டட்லி ரோர்க்குக்கே சந்தேகம் கிடையாது. அவர் பிடித்த விளக்கு கல்லாக நிற்கும். வாய்தான் நிற்காது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் சத்தம் போட்டு ஒரு டேக்கைக் கெடுத்தாலும், மறுநாள் காலையில் ஃப்ளோரில் உள்ள அத்தனை பேருக்கும் அவர் டோநட் வாங்கி வர வேண்டும். இருமினாலும் டோநட், சுத்தியலைக் கீழே போட்டாலும் டோநட். ஓரின் வாரத்துக்கு மூன்று நாள் பேக்கரிக் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். அங்கே கல்லாவில் இருந்த ஓபல் என்ற பெண், யாரப்பா இது, கூட வேலை செய்கிறவர்களுக்கு இப்படி வாரி வழங்குகிறார் என்று மனசுக்குள்ளே வியந்துகொண்டிருந்தார். வியப்பு முற்றிக் கல்யாணத்தில் முடிந்தது. விஷயம் தெரிந்தபோது தேனிலவுகூட ஆகிவிட்டிருந்தது.

"தாராள மனசுக்காரர்னு நம்பி வந்தேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார் ஓபல். "தண்டம் கட்டற மனுஷன்னு எனக்கு யாரு சொன்னா?"

சொல்வாரே தவிர, அந்தச் சிரிப்பை அவர் வீட்டுக்குள் ஒருநாளும் தடுத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். ஓபல் இன்னொரு கதையை எடுத்து விடுவார்.

இப்படியே டோநட் கணக்கில் காலம் ஓடி ஓரினுக்கு ஐம்பது தாண்டியது. அப்போது ஒரு சோகப் படம். கதாநாயகன் மனைவியின் மடியில் உயிரை விடுகிறான். விட்டவன் மூக்கில் அவளுடைய தொப்பி இறகு பட்டுவிட்டது. செத்தவன் தும்மினான். மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். ஓரின் கையுறையை வாய்க்குள் திணித்துப் பார்த்தார், கையுறையையும் மீறிக்கொண்டு வந்தது. மூன்று நாள் கஷ்டப்பட்டு அழவைத்த நடிகையின் கண்ணீர் அதோடு நின்று போயிற்று. அன்று சாயங்காலம் ரோர்க் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கத்தவில்லை.

"இங்க பாரு சைரன், டோநட் காலம் முடிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை உன் சத்தம் டேக்ல விழுந்துச்சுன்னா, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு நேரா வெளிவாசலுக்குப் போயிடு. என்கிட்ட சொல்லிக்கக்கூட வராதே."

இங்கிருந்து போனால் வேறு ஸ்டுடியோவிலும் நுழைய முடியாது. ஊரிலுள்ள மேஸ்திரிகள் எல்லோரும் சனிக்கிழமை ஒரே மேஜையில் சீட்டாடுகிறவர்கள். ஆர்க் விளக்கைத் தவிர ஓரினுக்கு வேறு எதுவும் தெரியாது. அன்றிலிருந்து அவர் பரண் ஏறும்போது செத்த வீட்டுக்குப் போகிற முகத்தோடு ஏறினார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் காதைப் பிடித்து இழுத்த அப்பாவின் கையை நினைத்துக்கொள்வார். சில மாதம் அது வேலை செய்தது.

அப்போதுதான் ஸ்டுடியோ 'கஞ்சி போட்ட காலர்' நாடகத்தை வாங்கியது. நியூயார்க்கில் வருஷக்கணக்காக அரங்கு நிறைந்து ஓடிய பாட்டு நாடகம். ஒரு துறைமுகத்துச் சலவைக்காரி, அவளுக்கு ஒரு பெண், அந்தப் பெண்ணைக் காதலிக்கிற ஒரு கப்பல் அதிகாரி. கதை அவ்வளவுதான், மிச்சமெல்லாம் பாட்டு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாடகத்தை அப்படியே எடுப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம். எங்கள் ஸ்டுடியோக்காரர்கள் முதல் வேலையாக நாடகத்தில் நடித்தவர்கள் எல்லோரையும் தள்ளிவிட்டார்கள். கதாநாயகனுக்கு லேண்டன் ஆஷ்வெல்லைப் போட்டார்கள். ஆஷ்வெல்லுக்குப் பாட வராது, பாட்டுக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். ஆடவும் வராது, தூரத்து ஷாட்டுகளில் வேறொருவர் ஆடினார். அவர் கொண்டுவந்தது முகம் ஒன்றுதான், அதிலும் இடது பக்கத்தை மட்டுமே கேமராவுக்குக் கொடுப்பார்.

தப்பிப் பிழைத்து வந்தவர் ஹெட்டி பிளம் ஒருவர்தான். சலவைக்காரியாக மேடையில் ஊரைச் சிரிக்க வைத்த குண்டு அம்மாள். அவரைத் தவிர யாரும் அந்த வேஷத்தைப் போடக் கூடாது என்று நாடகம் எழுதியவர் பிடிவாதம் பிடித்ததால், வேண்டா வெறுப்பாக அழைத்து வந்தார்கள்.

வந்த அம்மாள் முதல் வாரமே ஃப்ளோரில் செத்துப் பிழைத்தார். விஷயம் இதுதான். மேடையில் அவர் ஒரு வசனம் சொன்னால் ஜனம் சிரிக்கும். சிரிப்பு ஓங்கி, கொஞ்சம் இறங்கும்போது அடுத்த வசனத்தை எடுத்துப் போடுவார். இருபது வருஷமாக உடம்பில் ஊறிய பழக்கம். ஃப்ளோரில் யார் சிரிப்பது? சிவப்பு பல்பு எரிந்தால் மைக் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஈகூட இறக்கையை மடக்கிக்கொள்ளும். ஹெட்டி வசனத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். ஒன்றும் வராது. அப்புறம் கண்கள் அலைபாயும், முகம் விழுந்துபோகும், அடுத்த வசனம் ஊசிப்போன பண்டமாக வந்து விழும்.

எதற்காக அம்மா நிற்கிறீர்கள், ரயிலுக்கா என்று கேட்டார் டைரக்டர் பர்டெட். சிரிப்புக்கு என்றார் ஹெட்டி. சிரிப்பு அடுத்த வருஷம் தியேட்டரில் வரும் என்றார் பர்டெட்.

"அது வரைக்கும் இப்படியே இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கட்டுமா தம்பி?" என்றார் ஹெட்டி.

மேலே பரணில் ஓரின் அப்பாவின் கையை அவசரமாக நினைத்துக்கொண்டார்.

தினமும் எடுத்ததை மறுநாள் போட்டுப் பார்ப்பவர் தயாரிப்பாளர் கிரெஸ்வெல். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் ஸ்டுடியோவில் கிடையாது. ஹெட்டியின் காட்சிகளைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை இந்த அம்மாளின் பெரிய பாட்டை எடுங்கள், அதிலும் இப்படித்தான் என்றால் நாடகம் எழுதியவரைச் சமாளித்து, நம்ம நடிகை ஒருத்தியைப் போட்டு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். இதை ஹெட்டியிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் தையல்காரப் பெண் சலவைக்காரியின் பாவாடையை இன்னொரு நடிகைக்கு அளவெடுத்துக் கொண்டிருந்ததை அவர் தம் கண்ணாலேயே பார்த்தார். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

பாட்டு எடுக்கிற முறை வேறு. பாட்டை முன்னாலேயே பதிவு செய்து வைத்திருப்பார்கள். ஃப்ளோரில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட, நடிகர்கள் வாயை அசைப்பார்கள். மைக் மூடித்தான் கிடக்கும். பாட்டு நாள் வந்தால் எங்கள் ஆட்களுக்குத் திருவிழா. இருமலாம், தும்மலாம், ஆணி அடிக்கலாம், பக்கத்து ஆளிடம் பெண்டாட்டியைப் பற்றிப் புலம்பலாம். ஓரின் சிரிக்கலாம்.

சலவைக்காரி பாட்டின் ஒத்திகை திங்கட்கிழமை தொடங்கியது. ஒத்திகைக்கு ஒலிபெருக்கி கிடையாது, ஹெட்டி நேராகவே பாடிப் பேசினார். கப்பல் அதிகாரி பெண் கேட்டு வருகிறான். சலவைக்காரி அவன் போட்டிருக்கும் சட்டையை அவன் மேலேயே வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு பாடுகிறாள். நடுவில் இசை நிற்கிறது. இஸ்திரிப்பெட்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள்: "எனக்கு மூணு புருஷன் மாப்ளே. மூணு பேரையும் வெள்ளையாத் துவைச்சு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமத்தான் அனுப்பி வச்சேன்." இங்கேதான் அந்த நிறுத்தம். பிறகு மெதுவாக அவன் கழுத்தைப் பார்க்கிறாள். "உங்க காலர் ஏன் இவ்ளோ அழுக்கா இருக்கு?"

முதல் வரியிலேயே பம்பு அடிக்கத் தொடங்கியது. நிறுத்தத்தில் கூவல் கிளம்பியது. பரண் அதிர்ந்தது. ஹெட்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. இஸ்திரிப்பெட்டி கொஞ்சம் மேலே போயிற்று, புருவம் அதைவிடக் கொஞ்சம் மேலே போயிற்று, கூவல் இறங்கும் தருணத்தில் காலர் வசனம் சரியாக வந்து விழுந்தது. ஆஷ்வெல் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார். அந்த மனிதருக்கும் நடிப்பு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடைவேளையில் ஹெட்டி பரணுக்கு நேர் கீழே வந்து நின்று, மேலே யார் அது என்று கேட்டார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓரினே ஏணியில் இறங்கி, தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து மன்னிப்புக் கேட்டார். ஹெட்டி தம் பையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய உப்பு வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்தக் கட்டடத்துலயே நீ ஒரு ஆள்தாம்பா மனுஷன். மத்ததெல்லாம் கம்பம். வியாழக்கிழமையும் இதே மாதிரி சிரிச்சுடு."

ஓரின் தம் நிலைமையை மறைக்காமல் சொன்னார். மேஸ்திரியின் எச்சரிக்கை, ஐம்பது தாண்டிய வயசு, சீட்டாட்ட மேஜை எல்லாவற்றையும் சொன்னார். பாட்டோடு சேர்த்து அந்தப் பேச்சையும் முன்னாலேயே பதிவு செய்து வைத்திருப்பதால் வியாழக்கிழமை மைக் திறக்காது, அதனால் தாராளமாகச் சிரிப்பேன், வேறு நாட்களில் மட்டும் என்னை எதிர்பார்க்காதீர்கள் என்றார். ஹெட்டி அவர் கையை அழுத்திவிட்டுப் போனார். அன்று வீட்டில், ஊரில் ஒருத்திக்காவது என் சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று ஓரின் சொல்ல, அப்போ நான் யார் என்று ஓபல் கேட்க, சாப்பாடு ஆறிப்போயிற்று.

வியாழக்கிழமை காலையில் பர்டெட்டுக்கு ஒரு யோசனை வந்தது. டைரக்டர்களுக்குக் காலையில் வரும் யோசனையைப் போல ஆபத்தானது வேறு கிடையாது. முன்னால் பதிவு செய்த பேச்சு செத்த பிணமாக இருக்கிறது, பாட்டு மட்டும் ஒலிபெருக்கியில் ஓடட்டும், நடுவில் அதை நிறுத்தி, பேச்சை நேராக மைக்கில் பிடிப்போம் என்றார். உதவியாளர் ஓடி ஓடி எல்லோரிடமும் சொன்னார். கேமராக்காரரிடம் சொன்னார், ஒலிப்பதிவாளரிடம் சொன்னார், ஆஷ்வெல்லின் தலைவாருகிற பெண்ணிடம்கூடச் சொன்னார். ஏணி ஏறி மேலே போய்ச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கீழே இருப்பவர்களுக்குப் பரணில் இருப்பது விளக்குகள்தான்; விளக்குக்குப் பின்னால் ஆள் இருப்பது ஆபத்து அவசரத்துக்குத்தான் நினைவு வரும். சிவப்பு பல்பு கதவுக்கு மேலே, பரணுக்கு அடியில். மேலிருந்து தெரியாது. பாட்டோடு தொடங்கும் ஷாட் என்பதால், மைக் திறக்கும் முன் அடிக்கிற மணியும் அடிக்கவில்லை.

பாட்டு ஓடியது, நின்றது. ஹெட்டி பெட்டியை ஓங்கினார். மூன்று புருஷன்மார்களும் வெள்ளையாகத் துவைக்கப்பட்டு, மடித்து அனுப்பி வைக்கப்பட்டார்கள். ஓரின் நிம்மதியாக, மனசாரச் சிரித்தார். பல மாதமாக அடக்கி வைத்த அத்தனையும் அதில் இருந்தது. ஹெட்டி அந்தக் கூவல் மேலே ஏறுகிற வரை காத்திருந்தார், இறங்குகிற இடத்தில் காலரைப் பார்த்தார், சொன்னார். பர்டெட் 'கட்' சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லாமலே இருந்துவிட்டார். பாட்டு மறுபடி தொடங்கி முழுசாக முடிந்தது.

முடிந்த பிறகு கைதட்டல் எதுவும் இல்லை. ஒலிப்பதிவாளர் தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஓரின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தார். மைக் ஹெட்டியின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. ரோர்க் ஓரினின் சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஏணியின் அடியில் கொண்டுபோய் வைத்தார்.

அன்று சாயங்காலம் வரை பர்டெட் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப எடுத்தார். பரண் அமைதியாக இருந்தது, ஒன்றுமே உருப்படியாக வரவில்லை. போட்டுப் பார்த்தபோது உயிருள்ள டேக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதில் சைரன் ஊதியிருந்தது. சிரிப்பு ஹெட்டியின் குரலோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் தனியாகப் பிரிக்க முடியாது என்று ஒலிப்பதிவாளர் கையை விரித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஹெட்டி டாக்சி பிடித்துக்கொண்டு ஓரின் வீட்டுக்கு வந்தார். ஓபல் கதவைத் திறந்து, உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல் நின்றார். மைக் திறந்திருப்பது தெரிந்தே என் கணவரைச் சிரிக்க விட்டீர்களா என்று வாசலிலேயே கேட்டார்.

ஹெட்டி கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "தெரியும். காலையிலேயே தெரியும். சொல்லியிருந்தா அவர் சிரிச்சிருக்க மாட்டார். எனக்கு அங்க வேற யாருமே இல்லம்மா."

"அதுக்கு இவர் பொழப்புதான் கெடைச்சுதா உங்களுக்கு?"

"ஆமா. கையில வேற ஒண்ணும் இல்ல. தப்புத்தான்."

ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொண்ட பெண்பிள்ளையை எவ்வளவு நேரம்தான் வாசலில் நிறுத்தி வைப்பது? ஓபல் வழிவிட்டார். காபியும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் சாப்பிட்டுக்கொண்டே ஹெட்டி மிச்சத்தைச் சொன்னார். ஓரினைத் திரும்ப எடுக்காவிட்டால் நான் நியூயார்க்குக்குப் போய்விடுவேன் என்று கிரெஸ்வெல்லை மிரட்டிப் பார்த்தாராம். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று அவர் கதவைத் திறந்துவிட்டாராம். பிறகு பர்டெட் நடுவில் புகுந்து ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். அந்த டேக்கை அப்படியே வைத்துப் படத்தை முடிப்பது, படம் வெளியாகும் முன் வெளியூர் தியேட்டர் ஒன்றில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டுவது. அந்த இடத்தில் ஜனம் சிரித்தால் சைரன் சத்தம் அதில் அமுங்கிவிடும், யாருக்கும் தெரியாது. பாட்டும் இருக்கும், ஹெட்டியும் இருப்பார், ஓரினும் பரண் ஏறலாம். சிரிக்காவிட்டால் அமைதியான தியேட்டரில் ஒற்றை ஆள் சிரிப்பது அப்பட்டமாகக் கேட்கும். பாட்டை வெட்டி எறிய வேண்டியதுதான், கூடவே இரண்டு பேரையும்.

அது வரைக்கும் ஓரின் வீட்டில் இருந்தார். வீட்டிலிருந்த ஆறு விளக்குகளையும் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஓபல் என்ன வேடிக்கை சொன்னாலும் அவருக்குச் சிரிப்பே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலி வழியாக எட்டிப் பார்த்து, அவருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார். அப்போதுதான் ஓபலுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பொமோனா என்ற ஊரில் ஒரு தியேட்டர். கடைசி வரிசையில் ஓரினும் ஓபலும், அவர்களுக்கு முன்வரிசையில் கிரெஸ்வெல், பர்டெட், ஹெட்டி. எங்கள் படத்துக்கு முன்னால் ஓடி முடிந்தது ஓர் அனாதைச் சிறுமியின் படம். அவளுக்குக் காசநோய், அவளுடைய நாய்க்குக் கண் தெரியாது. படம் முடியும்போது இரண்டும் இல்லை. தியேட்டர் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். இந்த ஜனத்திடம் போய் 'கஞ்சி போட்ட காலர்' போட்டார்கள்.

முதல் வேடிக்கைக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதுக்கு ஒருவர் இருமினார். ஆஷ்வெல் இடது பக்கத்தைக் காட்டிக் காதலித்தார், ஒரு பெண் இன்னும் நாய்க்காக அழுதுகொண்டிருந்தார். ஹெட்டியின் தோள் முன்வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. கிரெஸ்வெல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். சலவைக்காரி பாட்டு தொடங்கியபோது ஓபல் இரண்டு கையாலும் கணவரின் வாயை இறுகப் பொத்தினார், பழக்கதோஷத்தில் இங்கேயும் சிரித்துவைத்தால் என்ன செய்வது என்று. அதற்குத் தேவையே இருக்கவில்லை. ஓரினுக்குச் சிரிப்பு வருகிற நிலைமை இல்லை.

இசை நின்றது. மூன்று புருஷன்மார்களும் போய்ச் சேர்ந்தார்கள். தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. திரையில் ஹெட்டி பெட்டியை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார். அந்த அமைதியில் எங்கிருந்தோ ஒரு பம்பு அடித்தது. இன்னொரு அடி. பிறகு கூவல்.

முன்னால் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தியேட்டருக்குள்ளேதான் யாரோ சிரிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். எவன் அவன் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்கள். ஒரு கிழவர் எழுந்தே பார்த்தார். அந்தச் சிரிப்போ நிற்கிற வழியாக இல்லை. இப்படியும் ஒருவன் சிரிப்பானா என்று ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவருக்கு. அது வரிசை வரிசையாகப் பரவிக்கொண்டிருக்கும்போதே, திரையில் ஹெட்டி காலரைப் பார்த்தார். அவ்வளவுதான், நாய்க்காக அழுதவர் உட்பட ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த சரணம் ஒருவர் காதிலும் விழவில்லை. அதற்குப் பிறகு அந்த ஜனம் எல்லாவற்றுக்கும் சிரித்தது, ஆஷ்வெல்லின் காதலுக்குக்கூட.

கிரெஸ்வெல் இருக்கையிலேயே முழுசாகத் திரும்பி, இங்கே உட்கார்ந்துகொண்டு சிரித்துக் கொடுத்தாயா என்கிற பார்வையோடு ஓரினைப் பார்த்தார். ஓபலின் கைகள் இன்னும் கணவர் வாயை விட்டு அகலவில்லை. அதற்கு மேல் உள்ள ஓரினின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கிரெஸ்வெல் வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஹெட்டி ஓரினின் கன்னத்தில் செல்லமாக ஓர் அறை விட்டார். ஓரின் மட்டும் என்னவோ போலிருந்தார். தம் சிரிப்பை அவர் அது வரைக்கும் வெளியே நின்று கேட்டதே இல்லை.

"நான் இப்படியா சிரிக்கிறேன்?" என்று ஓபலிடம் கேட்டார்.

"இப்படித்தான்."

"இத்தனை வருஷமா இதைக் கேட்டுக்கிட்டா என்கூட இருக்கே?"

"இதுக்காகத்தான்யா இருக்கேன்" என்றார் ஓபல்.

ஓரின் திங்கட்கிழமை பரண் ஏறினார். ஓய்வு பெறும் வரை டேக்குகளைக் கெடுத்தார், டோநட் வாங்கினார். படம் எல்லா ஊர்களிலும் ஓடியது. ஒவ்வோர் ஊரிலும் அந்த இடத்தில் ஜனம் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. விமர்சகர்கள் ஹெட்டியின் அந்த நிறுத்தத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். ஓரின் பெயரைப் படத்திலும் போடவில்லை, பத்திரிகையிலும் போடவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வசந்த காலத்தில், எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கவில்லை. அந்த அமைதி ஓபலால் தாங்க முடியாததாக இருந்தது.

சில வருஷம் கழித்து, பழைய படங்கள் மட்டுமே போடுகிற ஒரு சின்னத் தியேட்டரில் 'கஞ்சி போட்ட காலர்' போட்டார்கள். ஓபல் தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். இசை நின்றது. ஹெட்டி பெட்டியை ஓங்கினார். இருட்டில் பம்பு அடித்தது, பிறகு அந்தக் கூவல், அவர் வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே கூவல்.

முன்வரிசையில் தாடி வைத்த ஒரு பையன் எரிச்சலோடு திரும்பி, யாரது, கொஞ்சம் அடக்கிக்கொண்டு சிரிக்கச் சொல்லுங்கள் என்றான்.

"எங்க வீட்டுக்காரர் தம்பி" என்றார் ஓபல். "சிரிக்கட்டும், விடு."